இம்மாகுலேட் ரிசப்ஷன்: ஒரு நகரத்தின் நினைவில் நின்ற பந்து

இம்மாகுலேட் ரிசப்ஷன் என்பது 1972 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த அமெரிக்கக் காற்பந்துப் போட்டியின் கடைசி நொடிகளில், ஃபிராங்கோ ஹாரிஸ் என்னும் இளம் வீரர் தரையைத் தொடவிருந்த பந்தைப் பிடித்து ஓடி வெற்றி தேடித் தந்த நிகழ்வுக்கு வழங்கும் பெயர். என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பு 2019இல் தன் நூறாவது பருவத்தையொட்டி வெளியிட்ட சிறந்த ஆட்ட நிகழ்வுகளின் பட்டியலில் முதலிடம் பெற்றது இதுவே. ஆயினும் பிட்ஸ்பர்க் மக்களில் மிகப் பெரும்பாலோர் அது நடந்த நேரத்தில் அதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களாலும் பந்து யார்மீது பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆட்டமும் அணியும்

அமெரிக்கக் காற்பந்தில் காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், முன்னால் ஓடும் தோழருக்கு எறிவதுமே பெரும்பகுதி ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளிகள். அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் 1 புள்ளி. ஆட்டத்தின் நடுவே அப்படி உதைத்தால் அது ஃபீல்டு கோல், 3 புள்ளிகள்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி 1933இல் ஆர்ட் ரூனி என்பவரால் தொடங்கப்பட்டது. எஃகு ஆலைகளின் நகரத்துக்கு ஏற்ற பெயர். தலைக்கவசத்தில் இருப்பதும் எஃகுத் தொழில்துறையின் சின்னமே. ஆனால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்த அணி தோற்பதற்கே பேர்போனது. 1947இல் ஒரே ஒருமுறை பிளேஆஃப் எனப்படும் பருவ இறுதிச் சுற்றை எட்டி, அதிலும் பிலடெல்பியாவிடம் ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றது. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த சொத்துபோல ரசிகர்கள் அந்தத் தோல்வியைச் சுமந்தனர்.

1972இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து ஃபிராங்கோ ஹாரிஸ் வந்தார். தந்தை கறுப்பின அமெரிக்கப் படைவீரர். தாய் இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவரோடு அமெரிக்கா வந்த இத்தாலியப் பெண். முதல் பருவத்திலேயே ஹாரிஸ் 1,055 கஜம் ஓடினார். நகரின் இத்தாலிய வம்சாவளியினர் அவரைத் தங்கள் பிள்ளையாகவே கொண்டாடினர். ரொட்டிக் கடையும் பிட்சாக் கடையும் நடத்திய சிலர் சேர்ந்து ‘ஃபிராங்கோவின் இத்தாலியப் படை’ என்று பெயர் வைத்து, இராணுவத் தலைக்கவசம் அணிந்து அரங்குக்கு வந்தனர். புகழ்பெற்ற பாடகர் ஃபிராங்க் சினாட்ரா அந்தப் படையின் கௌரவத் தளபதி ஆனார். இன வேறுபாடு கூர்மையாக இருந்த காலத்தில் ஒரு கறுப்பின இளைஞரை வெள்ளையர் குடியிருப்புகள் இப்படித் தூக்கி வைத்தது சிறிய செய்தியன்று.

கடைசி 22 நொடிகள்

மூன்று ஆறுகள் கூடும் இடத்தருகே இருந்த திரீ ரிவர்ஸ் அரங்கில் எதிரணி ஓக்லண்ட் ரெய்டர்ஸ். ஆட்டம் முழுவதும் தடுப்பாட்டமாகவே போனது. ராய் கெரேலாவின் இரண்டு ஃபீல்டு கோல்களால் ஸ்டீலர்ஸ் 6–0 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிய 1 நிமிடம் 13 நொடி இருக்கையில் ரெய்டர்ஸ் வீரர் கென் ஸ்டேப்ளர் 30 கஜம் ஓடி டச் டவுன் போட்டார். 7–6.

ஸ்டீலர்ஸ் தன் 40 கஜக் கோட்டில் நின்றது. நான்காவது, அதாவது கடைசி முயற்சி. பத்து கஜம் தேவை. மீதம் 22 நொடி. உரிமையாளர் ரூனி, தோற்ற பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்ல மின்தூக்கியில் ஏறிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் காத்திருந்தவர் அந்த ஒரு கணத்தைப் பார்க்கவில்லை.

பந்தை எறியும் பொறுப்பிலிருந்த டெர்ரி பிராட்ஷா, பாய்ந்து வந்த எதிரணியினரிடமிருந்து விலகி, நடுவில் ஓடிய ஜான் ஃபுக்வாவை நோக்கி வேகமாக எறிந்தார். பந்தும் ரெய்டர்ஸ் அணியின் ஜாக் டேட்டமும் ஃபுக்வாவை ஒரே நேரத்தில் அடைந்தனர். மோதலில் பந்து பல கஜம் பின்னோக்கித் தெறித்தது. பிராட்ஷாவைக் காப்பதே அந்த ஆட்டத்தில் ஹாரிஸுக்கு இடப்பட்ட வேலை. ஆனால் பந்து எறியப்பட்டதும் அவர் அதன் பின்னே ஓடத் தொடங்கியிருந்தார். காலணி உயரத்தில், தரைக்குச் சற்று மேலே அதைப் பிடித்து, இடப்பக்க ஓரமாக ஓடி எல்லைக்கோட்டைக் கடந்தார். கடிகாரத்தில் 5 நொடி மீதம். கூடுதல் புள்ளியும் சேர்ந்து 13–7 என முடிந்தது. அதிர்ஷ்டம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மற்றவர்கள் நின்றபோதும் பந்தைத் தொடர்ந்து ஓடிய கால்களை மறந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

ஆட்டக்காரர்கள் கொண்டாடினாலும் நடுவர்கள் உடனே முடிவு சொல்லவில்லை. அன்றைய விதிப்படி, எறிந்த பந்து தாக்கும் அணியின் ஒருவர்மீது பட்டபின், இடையில் எதிரணியினர் தொடாமல், அதே அணியின் இன்னொருவர் அதைப் பிடித்தால் செல்லாது. பந்து ஃபுக்வாமீது மட்டும் பட்டிருந்தால் ரெய்டர்ஸ் வெற்றி. டேட்டம்மீது பட்டிருந்தால் ஸ்டீலர்ஸ் வெற்றி. தலைமை நடுவர் ஃபிரெட் ஸ்வேரிங்கன் மற்ற நடுவர்களோடு பேசினார். பிறகு மைதான ஓரத்துத் தொலைபேசியில், மேல்மாடத்தில் இருந்த நடுவர்களின் மேற்பார்வையாளர் ஆர்ட் மெக்னாலியோடும் பேசினார். திரும்பி வந்து இரு கைகளையும் உயர்த்தினார். தொலைக்காட்சிப் பதிவைப் பார்த்து முடிவெடுக்கவில்லை என்பதே கூட்டமைப்பின் நிலைப்பாடு. ரெய்டர்ஸ் தரப்பு அதை நம்பவில்லை. பயிற்சியாளர் ஜான் மேடன் இறுதிவரை அந்தக் கசப்பை மறக்கவில்லை. பதிவைப் பார்த்து முடிவு மாற்றும் முறை என்.எஃப்.எல்.லில் 1986இல்தான் வந்தது. சர்ச்சைக்குக் காரணமான விதி 1978இல் நீக்கப்பட்டது.

பார்க்காதவர்களின் நினைவு

அக்காலத்தில், ஓர் அணி சொந்த ஊரில் ஆடும் ஆட்டத்தை அந்த ஊரைச் சுற்றி 75 மைல் தூரத்துக்குத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது. சீட்டு விற்பனை குறையும் என்பது கூட்டமைப்பின் அச்சம். எல்லாச் சீட்டும் விற்றுத் தீர்ந்தாலும் இருட்டடிப்பு தொடர்ந்தது. நாட்டின் மற்ற ஊர்களில் வீட்டில் இருந்தபடியே கண்ட ஓட்டத்தைப் பிட்ஸ்பர்க்காரர்கள் வானொலியில்தான் கேட்டனர். எல்லைக்கு வெளியே காரோட்டிப் போய், விடுதியில் அறை எடுத்துப் பார்ப்பதும் அந்நாளைய வழக்கம். அடுத்த ஆண்டே, 72 மணி நேரத்துக்கு முன் சீட்டு தீர்ந்த ஆட்டங்களை மறைக்கக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

அன்று அரங்கில் இருந்தவர்கள் சுமார் 50,000 பேர். பிற்காலத்தில் ‘நானும் அங்கே இருந்தேன்’ என்று சொன்னவர்களை எண்ணினால் அந்த அரங்கு பலமுறை நிரம்பும் என்பது அந்நகரத்தின் பழைய கேலி. அதைப் பொய் என்று தள்ளிவிடுவது சரியாகாது. வானொலியில் கேட்டதும், மறுநாள் செய்தித்தாளில் படித்ததும், பின்னர் திரையில் நூறு முறை கண்டதும் ஒன்றாகக் கலந்து, கண்ணால் கண்ட நினைவாகவே பலருக்கு உறைந்துவிட்டது.

பெயரையும் ரசிகர்களே தந்தனர். கத்தோலிக்கர் நிறைந்த ஊர் அது. மரியாள் ஜென்மப் பாவம் இன்றிக் கருவில் உருவானார் என்னும் கோட்பாடு ஆங்கிலத்தில் ‘இம்மாகுலேட் கன்செப்ஷன்’. தமிழ்க் கத்தோலிக்கர் அதை ‘அமலோற்பவம்’ என்பர். அதில் ‘கருவுறுதல்’ என்னும் சொல்லை ‘பந்தைப் பிடித்தல்’ என்று மாற்றிய வேடிக்கைப் பெயர் வெற்றிக் கொண்டாட்டத்தில் பிறந்தது. அன்றிரவே ஒரு ரசிகை தொலைபேசியில் அழைத்துச் சொல்ல, வர்ணனையாளர் மைரன் கோப் தொலைக்காட்சியில் அதை அறிவித்தார். தமிழில் ‘அமல ஏற்பு’ எனலாம். சிரிப்பு மட்டும் சற்றுக் குறையும்.

பந்து யார்மீது பட்டது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. டேட்டம் தன்மீது படவில்லை என்றே கூறிவந்து 2010இல் மறைந்தார். உண்மை தனக்குத் தெரியும், சொல்லமாட்டேன் என்று ஃபுக்வா பல்லாண்டுகளாகப் புன்னகைக்கிறார். காலணியின் குதிகாலில் மீன் நீந்தவிட்டு நடந்த ஆடம்பரப் பிரியருக்கு இந்த மர்மமும் ஓர் அணிகலன். கார்னகி மெலன் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜான் ஃபெட்கோவிச், பந்து தெறித்த திசையையும் வேகத்தையும் ஆராய்ந்து, அது டேட்டம்மீதே பட்டிருக்க வேண்டும் என்றார். ஓக்லண்டில் இதை யாரும் கேட்கத் தயாரில்லை.

அடுத்த வாரமே ஸ்டீலர்ஸ் மயாமியிடம் 21–17 என்று தோற்றது. அந்தப் பருவத்தில் மயாமி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஆனால் 1974 முதல் 1979 வரையிலான ஆறு பருவங்களில் ஸ்டீலர்ஸ் நான்கு முறை சூப்பர் பவுல் வென்றது. அதே காலத்தில் எஃகு ஆலைகள் சரியத் தொடங்கின. புகழ்பெற்ற ஹோம்ஸ்டெட் ஆலை 1986இல் மூடப்பட்டது. வேலை தேடிப் பல்லாயிரம் குடும்பங்கள் வெவ்வேறு மாநிலங்களுக்குச் சிதறின. இன்று அமெரிக்காவின் எந்த மூலையில் ஸ்டீலர்ஸ் ஆடினாலும் மஞ்சள் துண்டுகள் அசைவதற்கு அந்தச் சிதறலும் ஒரு காரணம். ஆலை போயிற்று, வீடு போயிற்று. பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த ஓட்டம் இருந்தது.

திரீ ரிவர்ஸ் அரங்கு 2001இல் இடிக்கப்பட்டது. ஹாரிஸ் பந்தைப் பிடித்த இடத்தில் இப்போது நடைபாதையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. டிசம்பர் 23 அன்று ரசிகர்கள் அங்கே கூடுவதுண்டு. பிட்ஸ்பர்க் விமான நிலையத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் சிலைக்குப் பக்கத்தில், குனிந்து பந்தைப் பிடிக்கும் ஹாரிஸின் உருவம் வைக்கப்பட்டது.

ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, அவருடைய 32ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவிக்க 2022 டிசம்பர் 24 அன்று விழா ஏற்பாடாகியிருந்தது. எதிரணியும் அதே ரெய்டர்ஸ். விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் ஹாரிஸ் தம் 72ஆம் வயதில் காலமானார். ஸ்டீலர்ஸ் வீரர்கள் எல்லோரும் 32 என்று எழுதிய சட்டை அணிந்து அரங்குக்கு வந்தனர். கடுங்குளிரில் நடந்த அந்த ஆட்டத்தில், 46 நொடி மீதமிருக்கையில் எறிந்த பந்தில் ஸ்டீலர்ஸ் 13–10 என்று வென்றது.