எங்க ஊரு பிளசர்கள்



இந்த மலருக்கு நம் பள்ளத்தாக்கு சரித்திரத்தில் இருந்து ஏதாவது எழுதச் சொல்லி மலர்க்குழு கேட்டது. முல்லைப் பெரியாறு அணை, பென்னிகுக் துரை எல்லாம் நம் மலர்களில் பலமுறை வந்தாகிவிட்டது. நான் 1971ல் நம் ஹவுதியா கல்லூரியில் பி.யு.சி. படித்து, பிறகு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராகக் காலம் தள்ளியவன். ராஜாக்களையும் போர்களையும் நடத்தி நடத்தி அலுத்துப் போனதால், இந்த முறை நம் ஊர்ப் பழைய கார்களைப் பற்றி எழுதுகிறேன். "கார்ல என்னப்பா சரித்திரம்?" என்று கேட்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படிக்கவும்!

எங்க அப்பத்தா காலத்தில் காருக்கு 'பிளசர்' என்றுதான் பேர். 'பிளஷர் கார்' என்று வெள்ளைக்காரன் சொன்னது நம் வாயில் பிளசர் ஆகிவிட்டது. தெருமுனையில் புழுதி கிளம்பினால் "ஏலேய், பிளசர் வருதுடா!" என்று பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடும்.

ரயில் நின்ற இடம்

நம் பக்கம் காருக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? முதலில் ரயிலைப் பார்க்க வேண்டும். மதுரையில் இருந்து போடிக்கு 1928ல் ரயில் பாதை வந்தது. ஏலக்காயும் காப்பியும் ஏற்றத்தான் அந்தப் பாதை. போடியோடு அது நின்றுவிட்டது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பக்கம் இன்றுவரை தண்டவாளம் கிடையாது. அந்த மீட்டர் கேஜ் ரயிலையும் அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். மறுபடி தேனிக்கு ரயில் வந்தது 2022ல், போடிக்கு வந்தது 2023ல்!

ஆக, கம்பத்துக்காரனுக்கு பஸ்ஸை விட்டால் வேறு கதி இல்லை. ராத்திரி கடைசி பஸ் போன பிறகு ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஆண்டிபட்டி கணவாய். அந்த நேரத்தில் ஊரில் ஒரு கார் இருக்கிறதா இல்லையா என்பது உயிர் போகிற விஷயம்.

மூன்றே கம்பெனி

ஊருக்கு ஒரு கார் இருப்பதே அபூர்வமாக இருந்ததற்கு நம் ஏழ்மை மட்டும் காரணம் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, உள்நாட்டிலேயே தயாரிப்பதாக இருந்தால் மட்டுமே கார் கம்பெனி நடத்தலாம் என்று 1953ல் அரசாங்கம் முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. மிஞ்சியவை பெரிதாக மூன்று: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரிமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. எவ்வளவு தயாரிக்கலாம் என்பதற்கும் லைசென்ஸ். எழுபதுகளில் இந்தியா முழுவதற்கும் சேர்த்து வருஷத்துக்கு ஐம்பதாயிரம் கார் கூட வரவில்லை. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால்தான் நம் பக்கம் பெரும்பாலோருக்கு முதல் கார் என்பது செகண்ட் ஹேண்ட், தேர்டு ஹேண்ட் கார்தான். ஷோரூம் வாசனையை நாம் எங்கே கண்டோம்!

மூன்றுமே வெளிநாட்டுப் பழைய மாடல்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் 1957ல் நம் அம்பாசிடர் ஆனது. இத்தாலியின் ஃபியட் 1100தான் பிற்பாடு பிரிமியர் பத்மினி. ஸ்டாண்டர்டு கம்பெனி 1961ல் கொண்டுவந்த ஹெரால்டும் இங்கிலாந்து வண்டிதான். ஆனால் அதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. இங்கிலாந்தில் ஹெரால்டு காருக்கு இரண்டு கதவுதான். பின்சீட்டில் உட்கார முன்சீட்டை மடக்கிக் குனிந்து போக வேண்டும். சேலை கட்டிய நம் பெண்களுக்கு அது சரிப்படுமா? நாலு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது, அதுவும் நம் மெட்ராஸ் ஃபேக்டரியில் இருந்து!

அப்பாவின் ஹெரால்டு

எங்க அப்பா 1972ல் வாங்கியது அப்படி ஒரு நாலு கதவு ஹெரால்டு. தென்னந்தோப்பு, வாழை, கொஞ்சம் நெல் வயல். இதுதான் எங்கள் சொத்து. மதுரையில் ஒருவர் ஓட்டிக் கழித்த வண்டியை, ஒரு போகம் நெல் விற்ற பணத்தோடு கொஞ்சம் கடனும் சேர்த்து வாங்கி வந்தார். வெளுத்துப்போன பச்சைக் கலர். 948 சி.சி. இன்ஜின். இன்றைக்குச் சில மோட்டார் சைக்கிள்களுக்கே அதைவிடப் பெரிய இன்ஜின் இருக்கிறது.

அழகுக்காக யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பானெட்டைத் திறந்தால் கூட்டம் கூடிவிடும். முன்பக்கம் முழுவதும், மட்கார்டு லைட்டோடு சேர்த்து, அப்படியே முன்னால் கவிழும். எங்கள் மெக்கானிக் பாய் முன் டயர் மேல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, பீடியைப் பற்றவைத்து வேலையைத் தொடங்குவார். "என்ன பாய், பெரிய செலவா?" என்று அப்பா கேட்பார். "ஒன்னுமில்ல மொதலாளி, பிளக்கு கரி பிடிச்சிருக்கு. ரெண்டு தேய் தேய்ச்சா சரியாப் போகும்" என்பார் பாய். அவர் எந்தப் படிப்பும் படிக்கவில்லை. லாரிப் பட்டறையில் கிளீனராகச் சேர்ந்து கண்ணால் பார்த்துக் கற்ற வித்தை. பார்ட்ஸ் கிடைக்காவிட்டால் லேத்தில் கொடுத்துக் கடைந்து மாட்டிவிடுவார். பள்ளத்தாக்கு முழுவதும் அப்படிப்பட்ட பட்டறைகள்தான் இந்தப் பழைய வண்டிகளை இருபது முப்பது வருஷம் ஓட வைத்தன.

குளிர்காலக் காலைகளில் சோக்கை இழுத்துவிட்டு, செல்ஃப் எடுக்கவில்லை என்றால் ஹேண்டில் கம்பியை முன்னால் செருகிச் சுற்ற வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் தள்ளு ஸ்டார்ட்தான். நம் செட் நண்பர்களுக்கு நினைவிருக்கும், விரிவுரையாளர் ஒருவரின் ஃபியட் காரை எத்தனை சாயங்காலம் தள்ளியிருக்கிறோம்! வண்டி உறுமிக் கிளம்பியதும் அவர் கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டுமே!

ஒரு நாற்பது பக்க நோட்டு

அப்பாவுக்குக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. டேஷ்போர்டு பெட்டிக்குள் நாற்பது பக்க நோட்டு ஒன்று எப்போதும் கிடக்கும். தேதி, யாருக்காக, எந்த ஊர், பெட்ரோல் எத்தனை லிட்டர். அவ்வளவுதான் எழுதுவார். அவர் காலமான பிறகு பீரோவில் அந்த நோட்டுகள் கிடைத்தன. சரித்திர வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய கல்வெட்டு எது?

எங்கள் குடும்பத்துக்காக வண்டி ஓடிய நாட்கள் அதில் குறைச்சல். மாப்பிள்ளை அழைப்பு, பெண் பார்க்க, சின்னமனூர் சந்தைக்கு விதை வாங்க, உத்தமபாளையம் கோர்ட்டுக்கு, பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு கம்பம் ஆஸ்பத்திரிக்கு. "நம்ம வண்டி" என்று தெருவே சொல்லும். பெட்ரோலுக்குப் பணம் தருபவர்கள் தருவார்கள். மற்றவர்கள் ஒரு தார் வாழைப்பழமோ, சீசன் என்றால் ஒரு கூடை பன்னீர் திராட்சையோ கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் "நம்ம" என்ற சொல்லுக்கும் ஒரு எல்லை இருந்தது. அதையும் எழுதாவிட்டால் இது சரித்திரம் ஆகாது. 1975ல் ஒரு நாள் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "ராத்திரி 11. காலனி. பிரசவம். மதுரை பெரியாஸ்பத்திரி. பணம் இல்லை." அந்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது. காலனியில் இருந்து ஓடி வந்தவர் எங்கள் வாசல்படி ஏறவில்லை. தெருவில் நின்றே, "அய்யா, புள்ள குறுக்க கிடக்காம். மருத்துவச்சி கை விட்டுட்டா" என்று அழுதார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்தார். நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். கணவாயில் ஏறும்போது பின்சீட்டில் சத்தம் நின்றுபோனது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "பேச்சுக் குடுத்துக்கிட்டே வா தாயி, இந்தா வந்துட்டோம்" என்று அப்பா சொல்லிக்கொண்டே ஓட்டினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்குக் கார் கேட்டிருந்த இரண்டு வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பின்சீட்டில் யார் படுத்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும். அப்பாவும் ஒன்றும் பேசவில்லை. ஆறேழு மாதம் கழித்து, அந்த இரண்டில் ஒரு வீட்டுப் பெரியவருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறல். அவர் மகன் வந்து கதவைத் தட்டினார். நோட்டில் அந்தப் பயணமும் அதே மாதிரி ஒரு வரிதான்: நேரம், ஊர், லிட்டர். அதே பின்சீட்டு.

மலை ஏறிய வண்டிகள்

சமவெளியில் ஹெரால்டும் ஃபியட்டும் ஓடினால், மலை ஏறுவதற்கு அம்பாசிடரும் ஜீப்பும். லோயர் கேம்பில் இருந்து குமுளி, முந்தலில் இருந்து போடிமெட்டு. இரண்டு மலைப்பாதைகளிலும் கொண்டை ஊசி வளைவுகள்தான். பத்துப் பேரை அடைத்துக்கொண்டு ஏறினால் எந்த வண்டிதான் கொதிக்காது? பாதி வழியில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் துணி சுற்றித் திறந்து, ஓடைத் தண்ணீர் ஊற்றி, பெண்கள் கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். அப்படித்தான் பலருக்கு தேக்கடி டூர்!

பெட்ரோல் விலை ஏறிய பிறகு டீசல் இன்ஜின் பொருத்திய அம்பாசிடர்கள் வந்தன. கம்பெனியே 1980ஐ ஒட்டி டீசல் அம்பாசிடர் விட்டதும் டாக்சிக்காரர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மகிந்திரா ஜீப் கதை தனி. கம்பத்தில் இருந்தும் போடியில் இருந்தும் விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறுவதை இன்றும் பார்க்கலாம். அளவுக்கு மீறி ஏற்றிச் சென்று கவிழ்ந்த துயரங்களும் உண்டு. அந்த வேலையாட்களுக்குக் கார் சுகம் இல்லை, பிழைப்பு. பிளசர் என்ற பேர் அங்கே பொருந்தாது.

மாருதி வந்த பிறகு

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பத்தாயிரம் ரூபாய் கட்டிப் பதிவு செய்து காத்திருந்தார்கள் என்றால், நாட்டில் எவ்வளவு பசி இருந்திருக்கும் பாருங்கள். சாவியைத் திருப்பினால் கிளம்பியது, மலையில் கொதிக்கவில்லை. மெக்கானிக் பாய் அதைப் பார்த்துவிட்டு, "இதுல எனக்கு என்ன மொதலாளி வேலை இருக்கு?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பத்து வருஷத்தில் பட்டறையை மூடிவிட்டார்.

ஸ்டாண்டர்டு கம்பெனி எண்பதுகளின் கடைசியில் கார் தயாரிப்பதை நிறுத்தியது. பார்ட்ஸுக்கு மெட்ராஸ் புதுப்பேட்டைக்கு அலைய முடியாமல் 1987ல் அப்பா ஹெரால்டை விற்றார். பத்மினி 2000ஐ ஒட்டி நின்றது. அம்பாசிடரும் 2014ல் நின்றது. நான் என் பேரில் வாங்கிய முதல் கார், பி.எஃப். கடன் போட்டு 1994ல் வாங்கிய பழைய பத்மினி. என் மகனின் முதல் கார் புத்தம்புதிது, தவணையில் வந்தது. TN 60 என்ற தேனி நம்பரோடு இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு கார் நிற்கிறது. அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ் வருகிறது. தேனி க.விலக்கிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லாம் நல்லதுதான். கணவாயைத் தாண்டுவதற்குள் உயிர் நிற்குமா என்று யாரும் பதற வேண்டியதில்லை. யார் வாசலிலும் நின்று அழவும் வேண்டியதில்லை. 'அந்தக் காலம் போல வருமா' என்று பெருமூச்சு விட நான் இதை எழுதவில்லை.

ஆனால் அந்தப் பழைய வண்டிகள் யாருக்காக ஓடின, யாருக்காக ஓடவில்லை என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அது நம் வீட்டுப் பரண்களில் கிடக்கிறது. எனவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஆர்.சி. புக், காரோடு எடுத்த கல்யாண போட்டோ, பெட்ரோல் கணக்கு நோட்டு எது இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஒரு நகல் எடுத்து வாருங்கள். அப்பாவின் நோட்டுகளை நானும் கொண்டு வருகிறேன். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி நம் கல்லூரி நூலகத்தில் வைக்கச் சொல்லிக் கேட்போம்.

பட்டறை வைத்திருந்தவர்கள், டாக்சி ஓட்டியவர்கள், ஜீப்பில் மலை ஏறியவர்கள் நம் உறவுகளில் எத்தனையோ பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமும் கேட்டு எழுதி வாருங்கள்.