பிளவுண்ட நாடும் பிளவுண்ட திருச்சபையும்: ஜெர்மனி, 1945–1991

நம் நாட்டுத் திருச்சபை வரலாற்றைக் கற்போர்க்கு ஹாலே, லைப்சிக் என்னும் நகரங்கள் புதியன அல்ல. சீகன்பால்கு ஐயர் ஹாலேயில் பயின்றவர். தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முன்னோடிகளான மிஷனரிமாரை அனுப்பியது லைப்சிக் சங்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்விரு நகரங்களும், லுத்தர் போதித்த விட்டன்பர்க்கும், சோவியத் படையின் ஆட்சிப் பகுதிக்குள் அடங்கின. 1949 அக்டோபர் 7ஆம் நாள் அப்பகுதி ஜெர்மன் ஜனநாயகக் குடியரசாயிற்று. மேற்கே கூட்டாட்சிக் குடியரசு அவ்வாண்டு மே மாதத்திலேயே தோன்றியிருந்தது. சீர்திருத்தம் பிறந்த மண்ணே பொதுவுடைமை அரசின் கீழ் வந்தது என்பதை நம்மில் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

நாடு இரண்டானபோதும் திருச்சபை ஒன்றாகவே நின்றது. 1945 ஆகஸ்டில் திரைசா என்னும் ஊரில் கூடிய சபைத் தலைவர்கள் ஜெர்மனியின் சுவிசேஷத் திருச்சபை என்னும் கூட்டமைப்பை உருவாக்கினர். அக்டோபரில் ஸ்டுட்கார்ட் நகரில், ஹிட்லர் காலத்தில் தாங்கள் போதிய துணிவுடன் சாட்சி பகராத குற்றத்தை அறிக்கையிட்டனர். பின்னர் அரசும் நாணயமும் படையும் இரண்டாகப் பிரிந்த காலத்தில், ஒரே சினோடின் கீழ் இரு பகுதியாரும் அமர்ந்தனர். 1950இல் கிழக்குப் பகுதி மக்களில் ஐந்தில் நால்வர் இச்சபைகளைச் சார்ந்தவர்கள்.

இவ்வைக்கியத்தில் விழுந்த முதற் கீறல் பகைவரால் வந்ததன்று. 1957 பிப்ரவரியில் கூட்டமைப்பின் தலைவரான பேராயர் ஓட்டோ டிபேலியுஸ், மேற்கு ஜெர்மன் அரசுடன் படைவீரர்க்கான குருத்துவப் பணிபற்றி ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். அதன்படி படைக்குருமார் அரசின் ஊழியராயினர். அப்படையோ மேற்கு வல்லரசுகளின் இராணுவக் கூட்டணியைச் சார்ந்தது. கிழக்கு அரசு இதனைக் காரணமாகக் காட்டிக் கூட்டமைப்புடன் உறவை முறித்துக்கொண்டது. அவ்வரசு வேறொரு காரணத்தைத் தேடிக் கண்டிருக்கும் என்பது உண்மையே. எனினும், கிழக்கில் வாழ்ந்த சகோதரர் செலுத்தவேண்டிய விலையை மேற்கிலிருந்தோர் போதிய அளவு கணக்கிட்டனர் என்று நான் கருதவில்லை. 1954 முதல் அரசு நடத்திவந்த இளைஞர் உறுதிமொழிச் சடங்கு, திடப்படுத்தலுக்குப் போட்டியாக வளர்ந்து, சில ஆண்டுகளில் பெரும்பாலான குடும்பங்களை ஈர்த்துவிட்டது. அதை மறுத்த பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் கதவு பெரும்பாலும் அடைபட்டது.

1961 ஆகஸ்ட் 13ஆம் நாள் பெர்லினில் எல்லை அடைக்கப்பட்டுச் சுவர் எழத் தொடங்கியது. பெர்னவர் தெருவில் 1894ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயமொன்று இருந்தது. அதன் பெயர் ஒப்புரவு ஆலயம். ஆலயம் கிழக்கெல்லையில் நின்றது. சபையாரில் பெரும்பாலோர் மேற்கில் குடியிருந்தனர். சில வாரங்களில் ஆலயத்திற்கு எவரும் செல்லமுடியாதபடி அது காவற்படையினரின் பாழ்நிலத்திற்குள் அகப்பட்டது. 1985 ஜனவரியில் அரசு அதனை வெடிவைத்துத் தகர்த்தது.

1967 ஏப்ரலில் ஃபியூர்ஸ்டன்வால்டே நகரில் கூடிய கிழக்குச் சினோடு உறுப்பினர்கள், அனைத்து ஜெர்மன் கூட்டமைப்பை விட்டு விலகோம் என அறிக்கையிட்டனர். ஆயின் 1968ஆம் ஆண்டின் புதிய அரசமைப்பு, திருச்சபைகள் அந்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டே இயங்கவேண்டும் என விதித்தது. மறுஆண்டு ஜூனில் கிழக்கிலுள்ள எட்டுச் சபைகளும் தமக்கெனத் தனிக் கூட்டமைப்பு நிறுவின. இரண்டே ஆண்டுகளில் சொன்ன சொல்லை விழுங்கிவிட்டனர் என்று மேற்கில் சிலர் இகழ்ந்தனர். இவ்விகழ்ச்சி முற்றும் நியாயமன்று. புதிய அமைப்பின் விதிகளில் நான்காம் பிரிவு, ஜெர்மனியின் அனைத்துச் சுவிசேஷ கிறிஸ்தவர்களுடனும் தங்களுக்குள்ள தனிச்சிறப்பான ஐக்கியத்தை அறிக்கையிட்டது. அரசுக்கு அது உறுத்தலாகவே இருந்தது. சபை அதனை நீக்கவில்லை. மேற்குச் சபைகளின் பொருளுதவியும், சபைக்குச் சபை என்ற தோழமையும் அவ்வரியின் நிழலில் தொடர்ந்தன.

1971இல் அவர்கள் தங்கள் நிலையை ‘சோஷலிசத்தின் நடுவே திருச்சபை’ என வகுத்தனர். அதன் பொருள் என்ன? 1976 ஆகஸ்டில் ஆஸ்கார் புரூஸவிட்ஸ் என்னும் போதகர், இளைஞர்மீது சபைக்கு எதிராகச் செய்யப்படும் நெருக்குதலைக் கண்டித்துச் சைட்ஸ் நகர ஆலயத்தின்முன் தம்மைத் தீக்கிரையாக்கிக்கொண்டார். தலைமை அச்செயலை ஏற்கவில்லை. ஆனால் அவர் எழுப்பிய வினாவைத் தள்ளிவிடவும் அதனால் இயலவில்லை. லைப்சிக் நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமைதோறும் நடந்த சமாதான ஜெபமும் இச்சபை அளித்த இடத்திலேயே வேரூன்றியது. 1989 அக்டோபர் 9ஆம் நாள் அந்நகர வீதிகளில் ஏறக்குறைய 70,000 பேர் திரண்டனர். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் சுவர் திறந்தது.

அடுத்து நிகழ்ந்ததைப் போதகராகிய நாம் சற்று நின்று நோக்கவேண்டும். பதவியிழந்த எரிக் ஹோனக்கருக்கும் அவர் மனைவிக்கும் 1990 ஜனவரியில் தங்க வீடில்லை. பெர்லினுக்கு வடக்கேயுள்ள லோபெட்டால் ஊரில் போதகர் ஊவே ஹோல்மர் அவர்களைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டார். முதியோர் இல்லத்தில் இடம்வேண்டிப் பலர் காத்திருக்க, இவர்க்கு முன்னுரிமை தருவது முறையன்று என்று கருதித் தம் வீட்டையே கொடுத்தார். பல ஆண்டுகள் கல்வி அமைச்சராயிருந்தவர் அவ்வம்மையார். ஹோல்மரின் பிள்ளைகளுக்கு மேற்படிப்பை மறுத்ததும் அவர் துறையே. வெளியே மக்கள் கூச்சலிட்டனர், மிரட்டல்கள் வந்தன. கர்த்தருடைய ஜெபத்தில் நாம் மன்னிப்பதாகச் சொல்வதை அவர் தம் காரணமாகக் கூறினார். ஏப்ரல் தொடக்கம்வரை விருந்தினர் அங்கேயே இருந்தனர்.

1990 அக்டோபர் 3ஆம் நாள் நாடு ஒன்றாயிற்று. 1991 ஜூனில் திருச்சபைகளும் ஒன்றாயின. ஆனால் கூடிவந்தோர் சமமானவராய் வரவில்லை. கிழக்கில் சபையார் நால்வரில் ஒருவராகக் குறைந்திருந்தனர். இரகசியக் காவல்துறையின் ஏடுகள் திறக்கப்பட்டபோது, தகவல் தந்தோர் பட்டியலில் சில போதகரின் பெயரும் காணப்பட்டது. சிலுவையைச் சுமந்தவர்களும் ஐயத்திற்குள்ளாயினர். மேற்குச் சபையின் சட்டங்களும் வரிமுறையும் அப்படியே கிழக்கிற்கு நீண்டன. ஒன்றில் மட்டும் கிழக்குச் சபைகள் இணங்க மறுத்தன: அது 1957ஆம் ஆண்டின் அதே படைக்குரு ஒப்பந்தம். அரசு ஊழியராய் நற்செய்தி கூற நாங்கள் ஆயத்தமல்லோம் என்றனர். இடைக்காலத்தில் அங்கே படைக்குருமார் திருச்சபையின் ஊழியராகவே பணிபுரிந்தனர். 2004ஆம் ஆண்டில்தான் அவ்வொப்பந்தம் கிழக்குச் சபைகளிலும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.