புக்கிட் லிந்தாங் வெள்ளோட்டம்

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது முதுமொழி. இன்று மென்பொருள் தொழிலில் இறங்குவோரும் இந்நெறியையே கைக்கொள்கின்றனர். எண்ணியவை அனைத்தையும் ஆக்கி முடிக்கும் முன்னர், பயன்படத்தக்க மிகச் சிறிய படைப்பொன்றை மக்கள் கையில் கொடுத்துப் பார்க்கின்றனர். அவர்கள் ஏற்பரோ மறுப்பரோ என்பதைக் குறைந்த செலவில் அறிந்த பின்னரே பெருமுதல் இடுகின்றனர். இவ்வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. 1896ஆம் ஆண்டிலேயே மலாக்கா மண்ணில் இதற்குச் சான்று உண்டு.

பிரேசில் நாட்டு இரப்பர் விதைகளை 1876இல் இங்கிலாந்துக்குக் கொணர்ந்தவர் ஹென்றி விக்கம். அவற்றினின்று முளைத்த கன்றுகளுள் 22, மறு ஆண்டு சிங்கப்பூர் வந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தை மாய்க்காமல் தொடர்ந்து பாலெடுக்கும் முறையை வகுத்தார். காப்பிப் பயிரை நம்பியிருந்த தோட்ட முதலாளிகளோ அவரைப் பித்தர் என நகையாடினர். பால் வெட்ட ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய மரத்தில் பணத்தை முடக்க எவர் துணிவர்?

துணிந்தவர் மலாக்காச் சீனரான டான் சே யான். அக்காலத்தில் மலாக்காவில் பரவியிருந்த மரவள்ளி, மண்ணின் வளத்தை உறிஞ்சி வந்தது. மாற்றுப் பயிரின் தேவையை உணர்ந்த அவர், ரிட்லி, டாக்டர் லிம் பூன் கெங் ஆகியோரின் ஊக்கத்தால் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் எழுந்த முதல் இரப்பர்த் தோட்டமாக அது போற்றப்படுகிறது. பொய்த்தாலும் தாங்கத்தக்க இழப்பு. பலித்தாலோ பெருவழி திறக்கும். ஆக்கத்தை எண்ணி முதலை இழக்கலாகாது என்னும் வள்ளுவர் அறிவுரைக்கு இஃது இயைந்த செயலன்றோ!

கன்றுகள் தழைத்தன. சில ஆண்டுகளுக்குள் புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தோட்டம் விரிந்தது. அங்கும் அவர் முன்னெச்சரிக்கையைக் கைவிட்டாரல்லர். இரப்பருக்கு ஊடே மரவள்ளியையும் பயிரிட்டார். மரம் பால் தரும்வரை கிழங்கு வருவாய் தந்தது.

மோட்டார் வண்டி பெருகியதும் இரப்பர் விலை ஏறி, 1910இல் உச்சத்தைத் தொட்டது. காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. அவற்றுக்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தமிழகச் சிற்றூர்களில் ஆள் திரட்டினர். 1907இல் அமைந்த குடியேற்ற நிதி கப்பற்செலவை ஏற்றது. வந்தவர்களை லயங்களும் மலேரியாக் காய்ச்சலும் எதிர்கொண்டன. இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும்வரை இவ்வாள்சேர்ப்பு நீடித்தது. மலாக்காத் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் தோன்றியதும் இக்குடியேற்றத்தின் விளைவே.

புக்கிட் லிந்தாங் சோதனை, மரம் இம்மண்ணில் தழைக்குமா என்று வினவியது, விடையும் பெற்றது. ஆயிரமாயிரம் ஏக்கரில் உழைப்போர் எங்கு உறங்குவர், நோயுற்றால் யார் காப்பர் என்னும் வினாக்கள் அதில் இடம்பெறவில்லை. அவற்றுக்கான விடையைத் தமிழ்த் தொழிலாளர் தம் உடலால் எழுத நேர்ந்தது. சிறிதாகத் தொடங்குவது அறிவுடைமை. பெரிதாகும்போது சுமையைத் தாங்கப்போவோர் யாவர் என்பதையும் தொடக்கத்திலேயே எண்ணுவது அறமுடைமை. புதுத்தொழில் காண விழையும் மாணவர் இவ்விரண்டையும் ஒருங்கே கற்றல் வேண்டும்.