கப்பலேறும் முன்னே ஓர் அனுமதி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து கொழும்புக்குக் கிளம்புகிறவர் இன்று முதலில் போய் நிற்பது பிரவுசிங் சென்டரில். பாஸ்போர்ட் விவரங்களைத் தட்டி இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதியை வாங்கிவிட்டு, பிறகுதான் மதுரை விமான நிலையம். கம்ப்யூட்டர் கொண்டுவந்த புதுச் சடங்கு என்று நினைத்தால், நம் பூட்டன்மார் சிரிப்பார்கள்.

அவர்கள் காலத்தில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அப்போது இலங்கை போக விசா கிடையாது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் போட் மெயில் ரயிலில் ஏறினால் கொழும்பு. ஆனால் வழியில் மண்டபம் முகாம் இருந்தது. நம் மண்ணில், இலங்கை அரசு நடத்திய முகாம்! காலராவும் அம்மையும் கடல் தாண்டிவிடக் கூடாதென்று தோட்டத் தொழிலாளர்களை அங்கே நாள்கணக்கில் தங்கவைத்து, சோதித்து, பிறகே கப்பலேற விட்டார்கள். அக்கறை தேயிலைத் தோட்டத்தின் மீது. ஆள் மீது எவ்வளவு என்பது வேறு விஷயம்.

விசா வேண்டாம், ஆனால் புறப்படும் கரையிலேயே வடிகட்டிவிடு என்பதுதான் அந்த யோசனை. 1948-இல் இலங்கை குடிவரவுச் சட்டம் இயற்றியது. பாஸ்போர்ட், விசா காலம் வந்தது. 1964 புயலில் தனுஷ்கோடியும் போனது.

அதே யோசனையைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது ஆஸ்திரேலியா, 1996-இல். மண்டபத்தைப் பார்த்துச் செய்ததல்ல. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்ஸ் வரவிருந்தது; தூதரக வாசலில் கூட்டம் சேராமல் ஆட்களைச் சரிபார்க்க வேண்டும். டிக்கெட் போடும் ஏஜெண்டின் கம்ப்யூட்டரிலேயே அனுமதி பதிவானது. பாஸ்போர்ட்டில் எதையும் ஒட்டவில்லை. விமான நிறுவனம் கவுண்டரிலேயே பார்த்துக்கொள்ளும்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவுக்கும் இந்த வழி பிடித்துப்போனது. விசா இல்லாமல் வரக்கூடிய நாட்டவருக்கு 2009 ஜனவரியில் எஸ்டா என்ற மின்னணு அனுமதி கட்டாயமானது. முதலில் இலவசம், 2010-இல் 14 டாலர், 2025-இல் 40 டாலர். பாதுகாப்புக்கென்று திறந்த கதவில் உண்டியலும் வைத்துவிட்டார்கள். இதே வழியில் இலங்கையின் இ.டி.ஏ. 2012 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது.

இதைப் போலவே புறப்படும் முன் மலேசியாவும் தாய்லாந்தும் இணையத்தில் நிரப்பச் சொல்லும் வருகை அட்டை, அனுமதி அல்ல. அதற்குக் கட்டணமே இல்லை. அந்தந்த அரசின் தளத்தில் நீங்களே நிரப்புங்கள். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.