பத்தொன்பது முறை திரும்பிய புதினம்

ஒரு நூலை எழுதி முடிப்பது ஒரு பாடு. அதனை அச்சேற்றுவது மற்றொரு பாடு. அதிலும் தீண்டாமைக்கு ஆளான மனிதனைக் கதைத்தலைவனாகக் கொண்ட நூலெனில் அந்தப் பாடு எத்தகையது என்பதற்கு, முல்க்ராஜ் ஆனந்த் 1935இல் வெளியிட்ட 'அன்டச்சபிள்' என்னும் ஆங்கிலப் புதினத்தின் வரலாறே தக்க சான்று. வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று நம் கல்விச் சங்கத்தார் பணித்தபோது, நம் நினைவில் முந்தி வந்து நின்றதும் அதுவே.

ஆனந்த் 1905இல் பெஷாவரில் பிறந்தவர். தந்தையார் பட்டாளத்தில் பணியாற்றியவர். தீண்டாமையின் கொடுமையைத் தம் உடம்பில் அனுபவித்தவரல்லர் என்பதை முதற்கண் சொல்லிவிட வேண்டும். ஆயினும் இளமையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி அவரை விடவில்லை. கல்லடி பட்டுக் குருதி வழிய நின்ற அவரைத் துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளையொருவன் தூக்கிவந்து வீட்டில் சேர்த்தான். நன்றி கூற வேண்டிய தாயாரோ, தம் மகனைத் தீட்டாக்கிவிட்டானென்று அவனை வைது விரட்டினார். பாக்கா என்னும் அந்தப் பிள்ளையே பின்னாளில் புதினத்தின் தலைவனானான்.

அமிர்தசரஸ் கால்சா கல்லூரியில் பயின்று, லண்டன் சென்று, 1929இல் தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ஆனந்த், அந்நகரத்து அறிவாளர் கூட்டத்தின் நடையிலேயே முதற்படியை எழுதினார். ஒரு துப்புரவு இளைஞனின் ஒரே ஒரு நாள், அதுவே கதை. பின்னர் 'யங் இந்தியா' இதழில் உகா என்னும் துப்புரவுச் சிறுவனைப் பற்றிக் காந்தியடிகள் எழுதியிருந்ததைப் படித்தார். அந்த எளிமைக்கு முன் தம் எழுத்து போலியாகத் தோன்றிற்று. கையெழுத்துப்படியை எடுத்துக்கொண்டு சபர்மதி ஆசிரமத்தை அடைந்தார்.

அங்கு நடந்தவற்றை அவரே பிற்காலத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். தீண்டாமையைக் கண்டித்து ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினால் போதாதா, கதை எதற்கு என்று காந்தியடிகள் கேட்டாராம். ஆசிரமத்தில் தங்குவதானால் கழிப்பிடங்களையும் துப்புரவு செய்ய வேண்டும் என்பது விதி. லண்டன் டாக்டர் துடைப்பத்தைக் கையில் எடுத்தார். எழுதியதைப் படித்துக் காட்டியபோது, அந்த இளைஞன் இவ்வளவு நீண்ட வாக்கியங்களில் பேசமாட்டானே என்ற குறை சொல்லப்பட்டது. ஏறத்தாழ நூறு பக்கங்கள் வெட்டப்பட்டன. ஒரு பக்கக் கட்டுரையில் ஒரு வரியை அடிக்கச் சொன்னால் முகம் வாடும் மாணவர்களை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவரும் நமக்கு, அந்த நூறு பக்கங்களின் வலி நன்கு விளங்குகிறது. சிம்லாவிலும், கப்பற் பயணத்திலும், லண்டனிலுமாகத் திருத்தி எழுதி, 1933 செப்டம்பரில் முடித்ததாக நூலின் இறுதியில் குறித்திருக்கிறார்.

முடித்த நூலை வாங்குவாரில்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, பத்தொன்பது பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. காரணந் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பாக்காவின் காலைப்பொழுது கழிப்பிடத்தில் தொடங்குகிறது. நூலும் அவனோடு அங்கே செல்கிறது. ஆனந்த் உயிரையே வெறுக்கும் நிலைக்கு வந்தார். அந்நேரத்தில் ஆஸ்வெல் பிளேக்ஸ்டன் என்னும் இளங்கவிஞர் அதனை விஷார்ட் பதிப்பகத்திடம் கொண்டுசென்றார். ஈ. எம். ஃபார்ஸ்டர் முன்னுரை தந்தால் வெளியிடுவதாக அவர்கள் இசைந்தனர். ஃபார்ஸ்டரும் தந்தார், நூலில் அழுக்கு மிகுதி என்பார்க்கு அம்முன்னுரையிலேயே மறுமொழியும் எழுதினார்.

ஆனந்தின் விடாமுயற்சியை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆயினும் நம்மவர் இந்நூலை இரு மனத்தோடுதான் படிக்க முடியும். கதையின் முடிவில் பாக்காவுக்கு மூன்று வழிகள் காட்டப்படுகின்றன: பாதிரியாரின் மதம், காந்தியடிகளின் சொல், நீர் ஊற்றிக் கழுவும் இயந்திரக் கழிப்பிடம். அண்ணல் அம்பேத்கரின் குரல் அங்கில்லை. அதே 1935ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள்தான் இயோலா மாநாட்டில், இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அண்ணல் அறிவித்தார். மேலும், பாக்காவின் கதையை எழுதியவருக்குப் பரிந்துரைக்க ஒரு ஃபார்ஸ்டர் இருந்தார். பாக்காவே எழுதியிருந்தால் யாரிடம் போயிருப்பான்? யாழ்ப்பாணத்துக் கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது, தமிழகத்தில் ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை கையெழுத்துப்படிகள் தகரப்பெட்டிகளில் செல்லரித்தனவோ! நாமும் ஒரு புதினம் தொடங்கி, நான்கு குயர் நோட்டுகளோடு நிறுத்தி வைத்திருப்பதை வெட்கத்தோடு ஈண்டுக் குறிக்கிறோம்.

அந்நூலில் நம்மைப் பெரிதும் வருத்துவது அடிபடும் காட்சியன்று. வேறொரு சிறு காட்சி. பதினெட்டு வயதுப் பாக்காவுக்குப் படிக்க ஆசை. பள்ளியில் அவனைச் சேர்ப்பாரில்லை. பாபு வீட்டுப் பையனிடம், ஒரு பாடத்துக்கு ஓரணா தருவதாகப் பேசி, தனக்கு எழுத்துச் சொல்லித்தரக் கேட்கிறான். பையனும் இசைகிறான். அன்று பிற்பகல் பந்தாட்டத்தில் கல்லெறி நேர்ந்து, அப்பையனின் தம்பிக்கு அடிபடுகிறது. தூக்கிச் சென்ற பாக்காவுக்குக் கிடைத்தது ஏச்சு. பொழுது சாய்ந்துவிடுகிறது. அந்த ஓரணாப் பாடம் நடக்கவேயில்லை.