கூவாகத்துப் படங்கள்

தியாகதுருகத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்குக் கூவாகம் போனால் என் கேமரா கைகளைத்தான் தேடும். பாரதப் போருக்குப் பலியான அரவானை மணக்கும் திருநங்கையர் கழுத்தில் பூசாரி மஞ்சள் கயிறு கட்டுகிறார்; மறுநாள் தேரோட்டம் முடிந்ததும் அதே கயிறு அறுபடுகிறது, வளையல் நொறுங்குகிறது, வெள்ளைச் சேலை ஏறுகிறது. சுற்றிலும் செல்போன்கள். இப்படிப் பலர் எடுக்கும் படங்களை ஒன்றாகக் கோத்த கதை ஒன்று உண்டு.

2009 ஜனவரி 20 அன்று ஒபாமா அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற நொடியைக் கூட்டத்தினர் எடுத்த படங்களை, சிஎன்என் மைக்ரோசாஃப்டின் ஃபோட்டோசிந்த் மென்பொருள் கொண்டு ஒரே முப்பரிமாணக் காட்சியாகக் கோத்தது. பார்ப்பவர் அதற்குள் நகர்ந்து நகர்ந்து பார்க்கலாம். 2017-இல் ஃபோட்டோசிந்த் தளமே மூடப்பட்டது.

கூவாகத்தையும் வேறு மென்பொருள் கொண்டு அப்படிக் கோக்கலாம். ஆனால் ஒப்பாரி வைக்கும் முகத்தைக் கேட்காமல் எடுத்த படம் வேண்டாம். வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்களும் அங்கே உண்டு.