300 மில்லியில் தொடங்க வேண்டிய சிகிச்சை

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்த பிறகு தாய்க்கு எவ்வளவு இரத்தம் போயிருக்கிறது என்பதை உலகின் பெரும்பாலான லேபர் வார்டுகளில் இன்றும் கண்ணால் பார்த்தே சொல்கிறார்கள். நனைந்த துணி, கட்டிலுக்கடியில் வைத்த ட்ரே, தரையில் சிந்தியது எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டி, கேஸ் ஷீட்டில் ஓர் எண்ணை எழுதுகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கர்நாடகத்தின் பெல்காமில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், அளவு குறித்த பையில் சேர்ந்ததைவிடக் கண்மதிப்பு சுமார் 33 சதவீதம் குறைந்திருந்தது. அனுபவமின்மை இதற்குக் காரணமல்ல. பழகிய கண்ணையும் இரத்தம் ஏமாற்றிவிடும்.

அளந்துவிட்டால் தாய் பிழைத்துக்கொள்வாளா? இந்தக் கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் நேரெதிரான பதில்களைத் தந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் செவிலியருக்கு வேண்டிய செய்தி கிடைக்கும்.

முதலாவது 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஐரோப்பாவின் 13 நாடுகளில் 25,000-க்கும் அதிகமான சுகப்பிரசவங்களை அது ஆராய்ந்தது. ஒரு பகுதி மருத்துவமனைகளுக்கு இரத்தத்தைச் சேர்த்து அளக்கும் பை கொடுக்கப்பட்டது. மற்றவை வழக்கம்போல் இயங்கின. கடுமையான இரத்தப்போக்கு பை வைத்திருந்த இடங்களில் 1.71 சதவீதம், மற்ற இடங்களில் 2.06 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இந்த இடைவெளி நிற்கவில்லை.

இரண்டாவது, ஈ-மோட்டிவ் என்று பெயர் பெற்ற ஆய்வு. பர்மிங்காம் பல்கலைக்கழகமும் உலக சுகாதார நிறுவனமும் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இதை நடத்தின. 2,10,132 பெண்களின் சுகப்பிரசவத் தரவுகளைக் கொண்ட முடிவுகள் 2023 மே மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியாயின. ஒரு லிட்டரோ அதற்கு மேலோ இரத்தம் போதல், இரத்தப்போக்குக்காக வயிற்றைத் திறக்க நேர்தல், இரத்தப்போக்கால் இறத்தல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, புதிய முறையைக் கடைப்பிடித்த இடங்களில் 1.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 4.3 சதவீதம். இரத்தப்போக்கு கண்டறியப்பட்ட விகிதம் 51.1-இலிருந்து 93.1 சதவீதத்துக்கு உயர்ந்தது. இறப்பை மட்டும் தனியே எடுத்தால் எண்ணிக்கை சிறியது. அதை வைத்து உறுதியான முடிவுக்கு வர முடியாது. அப்படியிருந்தும், மகப்பேறு மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டும் ஆய்வுகள் அரிது.

இந்த ஆய்வில் புதிய மருந்து எதுவும் இல்லை. கருப்பையை மசாஜ் செய்வது, ஆக்ஸிடோசின் போன்ற கருப்பையைச் சுருக்கும் மருந்து, டிரானெக்சாமிக் அமிலம், ட்ரிப் ஏற்றுதல், இரத்தம் வரும் இடத்தைப் பரிசோதித்துத் தேவைப்பட்டால் உதவிக்கு அழைத்தல் என்ற ஐந்தும் ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் இருந்தவைதான். பழைய முறையில் ஒன்றைச் செய்து, பலனுக்குக் காத்திருந்து, பிறகு அடுத்ததற்குப் போவார்கள். ஈ-மோட்டிவ் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டது. ஐந்தையும் ஒரே மூச்சில் தொடங்க வேண்டும். வழக்கமான மருத்துவமனைகளில் இரத்தப்போக்கு வந்த பெண்களில் 19.4 சதவீதத்தினருக்கே இந்தச் சிகிச்சைகள் முழுமையாகக் கிடைத்தன. புதிய முறையில் 91.2 சதவீதத்தினருக்குக் கிடைத்தன.

ஐரோப்பாவில் பை மட்டும் கொடுக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில், பையில் குறித்த கோட்டை இரத்தம் தொட்டதும் ஐந்தையும் தொடங்கு என்ற கட்டளையும் சேர்ந்தே வந்தது. மருந்துகளை ஒன்றாக அடுக்கிய டிராலி அல்லது பெட்டியும், வார்டிலேயே நடந்த பயிற்சியும் கூட வந்தன. அளவு கோட்டைத் தொட்டதும் செயலில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் மருத்துவச்சிகளும் செவிலியர்களும். இரு ஆய்வுகளின் முடிவுகள் விலகிப்போனதற்கு முக்கியக் காரணம் பையோடு இந்தக் கட்டளையும் ஏற்பாடுகளும் சேர்ந்து வந்ததே என்று இக்கட்டுரை வாதிடுகிறது. நாடும் மருத்துவ வசதியும் வேறு என்பது உண்மையே. ஆனால் அளந்த பின் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காத இடத்தில் அளவு வெறும் பதிவாகவே தங்கிவிடும்.

செயல்முறை எளிது. குழந்தை வெளியே வந்ததும் தாயின் இடுப்புக்கடியில் பையோடு கூடிய பிளாஸ்டிக் விரிப்பை நுழைக்க வேண்டும். முன்பே போட்டால் பனிக்குட நீரும் அதில் சேர்ந்துவிடும். முதல் ஒரு மணி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பையின் அளவு, இரத்தம் வரும் வேகம், கருப்பையின் இறுக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நாடியும் இரத்த அழுத்தமும் உடன் பார்க்கப்பட வேண்டும்.

எந்த அளவில் விழித்துக்கொள்வது என்பதும் மாறிவிட்டது. பல ஆண்டுகளாக 500 மில்லிதான் எல்லையாக இருந்தது. மூன்று லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2025-இல் லான்செட் வெளியிட்ட பகுப்பாய்வு, 500 மில்லியை மட்டும் நம்பினால் பின்னால் ஆபத்துக்குள்ளாகும் பெண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கண்ணில் படாமல் போவதைக் காட்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும், மகப்பேறு மருத்துவர்கள், மருத்துவச்சிகள் ஆகியோரின் உலகக் கூட்டமைப்புகளும் இணைந்து புதிய வழிகாட்டியை வெளியிட்டன. அதன்படி, 300 மில்லி போயிருந்து, நாடியோ இரத்த அழுத்தமோ இயல்பு மாறியிருந்தால் அப்போதே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

இந்த அவசரத்துக்கு மருந்தியல் காரணமும் உண்டு. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான, உமன் எனப்படும் ஆய்வு, டிரானெக்சாமிக் அமிலத்தை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தபோது இரத்தப்போக்கால் நேரும் இறப்பு 1.7-இலிருந்து 1.2 சதவீதமாகக் குறைந்ததைக் கண்டது. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சுமார் பத்து சதவீதம் தேய்கிறது என்று அடுத்த ஆண்டில் வந்த பகுப்பாய்வு கணக்கிட்டது. ஒரு கிராம் மருந்தை நரம்பு வழியே பத்து நிமிடத்தில் ஏற்ற வேண்டும். டாக்டருக்கு போன் செய்து, அவர் எடுத்து, ஆர்டர் சொல்லி, பூட்டிய அலமாரியின் சாவி வந்து சேர்வதற்குள் அந்தக் கால் மணி நேரம் கரைந்துவிடும்.

தமிழ்நாட்டின் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவில் பிரசவம் பார்ப்பவர் பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான். அங்கே இந்த ஆய்வுகளைப் பயிற்சி வகுப்பில் சொல்லிவிட்டுப் போவது போதாது. கோட்டைத் தொட்டதும் யாரையும் கேட்காமல் ஐந்தையும் தொடங்கலாம் என்ற நிலையாணை மருத்துவ அதிகாரியின் கையெழுத்தோடு லேபர் ரூம் சுவரில் இருக்க வேண்டும். டிரானெக்சாமிக் அமில ஊசி அதே அறையில், பூட்டில்லாத பெட்டியில் இருக்க வேண்டும். ஈ-மோட்டிவ் சுகப்பிரசவங்களை மட்டுமே ஆராய்ந்தது என்பதால் சிசேரியனுக்கு இதே கோடுகளை அப்படியே நீட்ட முடியாது. சுகப்பிரசவத்துக்கோ இனியும் ஆதாரம் தேடிக் காத்திருக்க வேண்டிய நிலை இல்லை. முதல் நிலையாணையில் கையெழுத்திடும் வேலைதான் பாக்கி.